‘முட்டை ஓடு’ன்னா சிலிக்கோசிஸ்... நீட் பிஜி மனப்பாடம் விருத்தாசலம் ஓபியில் கைகொடுக்குமா?

நீட் பிஜி-க்குப் படிக்கிற யாரிடமாவது, “எக்ஸ்ரேவில் நெறிக்கட்டிகளைச் சுற்றி முட்டை ஓடு மாதிரி சுண்ணாம்புப் படிவு” என்று ஆரம்பித்துப் பாருங்கள். முடிப்பதற்குள் “சிலிக்கோசிஸ்” என்று பதில் வந்துவிடும். 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 63 விநாடி. தப்பான பதிலுக்கு ஒரு மார்க் போச்சு. இந்த ஓட்டத்தில் ‘ஒரு நோய்க்கு ஒரு வரி’ என்று ரிவிஷன் பண்ணுவதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் வினாத்தாள் ஒரு பெரிய சலுகை தருகிறது. “20 வருடமாகக் கல் உடைக்கும் 45 வயது ஆண்” என்று முதல் வரியிலேயே தொழிலைச் சொல்லிவிடுகிறது. நிஜ நோயாளி அப்படிச் சொல்வதில்லை.

விருத்தாசலத்தை எடுத்துக்கொள்வோம். அகல் விளக்கு, பொம்மை, மின்சார இன்சுலேட்டர் என்று பீங்கானுக்குப் பெயர்போன ஊர். செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசு கல்வி நிறுவனமே அங்கே இருக்கிறது. பக்கத்து நல்லூர் வட்டாரத்திலிருந்து ஒருவர் ஜிஎச்சுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “மூணு மாசமா இருமல் டாக்டர், நடந்தா மூச்சு வாங்குது” என்பார். அத்தோடு சரி. பீங்கான் பட்டறையில் 15 வருடம் இருந்ததை அவராகச் சொல்ல மாட்டார். அந்த வேலையை விட்டு இப்போது பெட்டிக்கடை வைத்திருந்தால், அது அவருக்கே ஞாபகம் வராது.

பட்டறையில் என்ன ஆபத்து? பீங்கான் கலவையில் களிமண்ணோடு குவார்ட்ஸும் சேரும். குவார்ட்ஸ் என்பது சிலிக்காதான். மண் ஈரமாக இருக்கும்வரை பெரிய பிரச்சினை இல்லை. காய்ந்த பொருளைத் தேய்த்து வழவழப்பாக்கும்போதும், பொடி அரைக்கும்போதும், ஏன், தரையைக் கூட்டும்போதும்கூட கண்ணுக்குத் தெரியாத தூசி கிளம்பும். வருடக்கணக்கில் அது நுரையீரலில் தங்கித் தழும்பாகிறது. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றலாம். தழும்பை மாற்ற மருந்து கிடையாது.

‘முட்டை ஓடு’ எல்லோருக்கும் தெரியாது. சார்காய்டோசிஸிலும் அது வரலாம். பெரும்பாலும் எக்ஸ்ரேவில் தெரிவது நுரையீரலின் மேல்பகுதிப் புள்ளிகள். அதைப் பார்த்ததும் நம் ஊரில் முதலில் தோன்றுவது டிபி. தோன்றுவதில் தப்பில்லை. சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு டிபி வரும் வாய்ப்பும் பல மடங்கு அதிகம். அதாவது இரண்டும் ஒன்றாக இருக்கலாம். ‘சரியான ஒரு விடையைத் தேர்ந்தெடு’ என்ற பழக்கம் உதைக்கிற இடம் இதுதான். டிபி என்று மட்டும் எழுதினால், ஆறு மாத மாத்திரை முடிந்ததும் அவர் அதே தூசிக்குத் திரும்பிப் போவார். இரண்டும் இருந்தால் மாத்திரையைக் குறைந்தது இரண்டு மாதமாவது நீட்டிக்கச் சொல்கின்றன அமெரிக்க வழிகாட்டுதல்கள்.

பணமும் இருக்கிறது. 1923-ம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் சிலிக்கோசிஸும் இருந்தது, சிலிக்கோசிஸோடு சேர்ந்த டிபியும் இருந்தது. வெறும் டிபி என்று சீட்டில் இருந்தால் அந்தக் கதவு மூடியதுதான். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு சிலிக்கோசிஸ் என்று சந்தேகம் வந்தாலே தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 89-வது பிரிவு மருத்துவருக்குச் சொன்னது. 2020-ன் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை தொடர்கிறது. எத்தனை பேரின் ரிவிஷன் நோட்டில் இந்த வரி இருக்கும்?

நோட்டில் இருப்பதே பழசாகிப்போவது இன்னொரு தலைவலி. டிபிக்கு வாரம் மூன்று நாள் மாத்திரை என்றிருந்த அரசுத் திட்டம் 2017-ல் தினசரி மாத்திரைக்கு மாறியது. சீனியர் கொடுத்த ஜெராக்ஸுக்கு அது தெரியாது.

நோயாளியிடம் தொழிலைக் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ரமாஸினி எழுதியது 1700-ல். குயவர்களுக்கு மெருகுப் பூச்சின் ஈயத்தால் கை நடுங்குவதையும் அதே புத்தகத்தில் பதிவு செய்தார். 300 வருடம் கழித்தும் ஓபியில் அந்தக் கேள்விக்கு நேரமில்லை. கூட்டம் அப்படி, மருத்துவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

படிக்கிற முறையில் ஒன்றை மாற்றலாம். ரிவிஷன் அட்டையில் ‘முட்டை ஓடு — சிலிக்கோசிஸ்’ என்பதைத் திருப்பிப் போட்டு, ‘மூச்சு வாங்குது என்று வருபவரிடம் என்ன கேட்பாய்?’ என்று எழுதலாம். “இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க ஐயா?” என்பது பதிலில் இருக்க வேண்டும்.

தேர்வு நடத்துபவர்களுக்கும் வேலை இருக்கிறது. 2019 சட்டத்தில் சொல்லப்பட்ட நெக்ஸ்ட் தேர்வுக்கு 2023-ல் வந்த விதிகளில், இரண்டாம் கட்டமாகச் செய்முறையும் வாய்மொழித் தேர்வும் இருந்தன. அதே வருடம் தேர்வு ஒத்திவைக்கப்பட்டது. அது திரும்ப வரும்போது, எதிரே இருக்கும் நோயாளியிடம் தொழிலைக் கேட்காமல் டயக்னோசிஸ் சொல்பவருக்கு, விடை சரியாகவே இருந்தாலும் மார்க் குறைய வேண்டும்.