கணினிப் பக்கம்: திரையை மறைத்து நிற்கும் மிரட்டல்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் இன்று கணினித் திரையில்தான் நடைபெறுகிறது. போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் இருக்கும் வணிகர்கள் ஒரே ஏலத்தில் பங்குகொள்ளும் வசதியை நறுமணப்பொருள் வாரியம் 2021இல் ஏற்படுத்தியது. திரையில் தோன்றும் எண்ணை நம்பித்தான் அங்கே விலை கேட்கின்றனர். திரையை நம்பும் இப்பழக்கம் கம்பம், உத்தமபாளையம் பகுதிகளில் நம் இல்லங்களுக்கும் வந்துவிட்டது. கடைக் கணக்கும் பிள்ளைகளின் குர்ஆன் வகுப்பும் ஒரே கணினியில்தான்.

அத்திரை முழுவதையும் திடீரென ஒரு சிவப்பு அறிவிப்பு மூடிக்கொள்கிறது. கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதாம், அணைக்கக் கூடாதாம், உடனே ஓர் எண்ணை அழைக்க வேண்டுமாம். கூடவே அபாய ஒலி. மூடுவதற்குரிய பெருக்கல் குறியையும் காணோம். வீட்டில் தனித்திருக்கும் தாய்மார்கள் அஞ்சுவது இயல்பே.

சகோதரிகளே, அது பெரும்பாலும் வைரஸ் அன்று. முழுத்திரையாக விரிந்த இணையப் பக்கம், அவ்வளவே. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகள் இவ்வசதிக்கு வரம்பு வகுத்துள்ளன. நாம் எதையேனும் சொடுக்காமல் எந்தப் பக்கமும் தானாக முழுத்திரையாக இயலாது. விரியும்போது, வெளியேற எஸ்கேப் விசையை அழுத்துமாறு உலாவியே ஒரு வரி காட்டும். அந்த வரி நம் கண்ணில் படக் கூடாதென்றுதான் இத்தனை சிவப்பும் கூச்சலும்!

எஸ்கேப் விசை விசைப்பலகையின் இடப்பக்க மேல் மூலையில் இருக்கிறது. ஒருமுறை தட்டியும் விலகாவிடில் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். விசைகளைத் தன்வசப்படுத்தும் பக்கங்களும் உண்டு. அவற்றிலிருந்து வெளியேறவும் உலாவி இவ்வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. அடுத்து எஃப் 11. அதற்கும் அசையாவிடில் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் கணினியில் எந்த இணையப் பக்கமும் இதைத் தடுக்க முடியாது. அங்கே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, உலாவியின் பெயரைத் தேர்ந்து, எண்ட் டாஸ்க் கொடுத்தால் மிரட்டலும் மறையும். மறுபடி உலாவியைத் திறக்கையில் பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

உண்மையான ஆபத்து அந்தத் தொலைபேசி எண்ணில்தான் இருக்கிறது. அழைத்தால் மிக மரியாதையாகப் பேசி, கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்வார்கள். பிறகு வங்கிக் கணக்கை நம் கண்ணெதிரிலேயே திறக்கச் செய்வார்கள். ஹஜ்ஜுக்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையாயினும் அவர்களுக்கு ஒன்றுதான். பணம் போய்விட்டால், வீட்டாரின் கோபத்துக்கு அஞ்சி மறைக்காமல் அந்நேரமே 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் புகார் அளியுங்கள். பணம் வேறு கணக்குகளுக்கு மாறுமுன் வங்கிகள் அதை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், கடவுச்சொற்களைப் பற்றிப் பார்ப்போம்.