ராமமூர்த்தியையும் சேர்த்துச் சொல்லுங்க



சென்ற மாதம் ஒரு மழை மாலையில் குன்னூர் டீக்கடை ஒன்றில் ஒதுங்கி நின்றேன். கடை ரேடியோவில் ‘காதலிக்க நேரமில்லை’ படப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர், “யாரு சார் மியூசிக்?” என்று கேட்டார். “எம்.எஸ்.விஸ்வநாதன்” என்றேன். டீயில் வர்க்கியை நனைத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். “ராமமூர்த்தியையும் சேர்த்துச் சொல்லுங்க சார்” என்றார்.

அந்த ஒரு வரி அன்றிரவு என்னைத் தூங்க விடவில்லை.

இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமனின் இசைக்குழுவில் சந்தித்தவர்கள் இருவரும். திருச்சி ராமமூர்த்தியின் கையில் வயலின்; பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் பிறந்த விஸ்வநாதனின் விரலில் ஆர்மோனியம். 1952-இல் சுப்பராமன் திடீரென மறைந்தபோது, பாதியில் நின்ற அவருடைய வேலைகளை முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு ‘பணம்’ படத்தில் இருவர் பெயரும் ஒன்றாக வந்தது. ‘பாசமலர்’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, ‘கர்ணன்’, ‘புதிய பறவை’ என்று அடுத்த 13 ஆண்டுகள் தமிழ்நாடே அந்த இரட்டைப் பெயரைப் பாடியது. 1963-இல் கிடைத்த பட்டமும் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்று பன்மையில்தான் இருந்தது. 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு பிரிந்தார்கள்.

பிறகு?

விஸ்வநாதனின் பிறகு நமக்குத் தெரியும். நம் மலைப் பள்ளிகளில் குளிரில் கைகளை இறுக்கிக்கொண்டு பிள்ளைகள் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு, 1970-இல் அரசு விழாக்களுக்கென மெட்டு அமைத்தவர் அவர். ராமமூர்த்தி ‘சாது மிரண்டால்’, ‘தேன்மழை’, ‘நான்’, ‘தங்கச்சுரங்கம்’ எனச் சில ஆண்டுகள் தனியே இசையமைத்தார். அருமையான பாட்டுகள் அவை. ஆனால் படங்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. பட்டத்தின் பன்மையும் பேச்சுவழக்கில் ஒருமையாகிவிட்டது. 1995-இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காக இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். 2012-இல் ஒரே மேடையில் ‘திரை இசைச் சக்கரவர்த்தி’ பட்டம் பெற்றார்கள். அடுத்த ஆண்டு ராமமூர்த்தி மறைந்தார். 2015-இல் விஸ்வநாதனும் போய்விட்டார்.

குழு கலைந்தால் சிலருக்கு வெளிச்சம் தொடரும், சிலருக்கு நின்றுவிடும். உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது. பீட்டில்ஸ் குழுவின் முதல் காலத்து டிரம்ஸ் கலைஞர் பீட் பெஸ்ட் நம் சென்னையில் 1941-இல் பிறந்தவர். குழு உலகப் புகழின் வாசலில் நின்ற 1962-இல் அவரை விலக்கினார்கள். பின்னர் லிவர்பூலில் வேலைவாய்ப்புத் துறை ஊழியராகப் பல ஆண்டுகள் உழைத்தார். வேலை தேடி வருபவர்களுக்கு வழிகாட்டும் உத்தியோகம். அது எந்த விதத்தில் சிறிய வாழ்க்கை? 1980-களின் கடைசியில் மீண்டும் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து, சொந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போனார்.

பிரிந்தவர்கள் வேறு மேடையில் கூடுவதும் உண்டு. ஏ.ஆர்.ரஹ்மான், சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் எல்லோரும் இளமையில் ‘ரூட்ஸ்’ என்ற குழுவில் வாசித்தவர்கள். அந்தக் குழு நிலைக்கவில்லை, நட்பு நிலைத்தது. ‘ஜென்டில்மேன்’ படத்தில் ரஹ்மானின் இசையில் ரயில் பாட்டைப் பாடியவர் சுரேஷ் பீட்டர்ஸ். சிவமணியின் தாளம் இன்றும் ரஹ்மானோடு பயணம் செய்கிறது. ரஹ்மானின் இசையில் 1998-இல் வந்த ‘உயிரே’ படத்துக்காக நம் மலை ரயிலின் கூரைமேல் நடந்த ஆட்டத்தைக் குன்னூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் மலையிலும் குழுக்கள் இருந்தன. எஸ்டேட் கோயில் திருவிழாவில் விடிய விடியப் பாடிய மெல்லிசைக் குழுக்கள், ஹட்டிகள் எனும் படுகர் ஊர்களில் படுகர் பாட்டுகளுக்கு வாசித்தவர்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியபோது பெட்டியோடு பாட்டையும் கொண்டுவந்தவர்கள். அவர்களில் பலர் தேயிலை ஃபேக்டரி வேலைக்கும் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். தபேலா வாசித்த அண்ணன் இன்று என்ன செய்கிறார்? டி.எம்.எஸ். குரலில் பாடி ஒன்ஸ்மோர் வாங்கிய மாமா இப்போது எங்கே இருக்கிறார்?

உங்களுக்குத் தெரிந்தால், அவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு எங்களுக்கு எழுதுங்கள். முன்னால் நின்று பாடியவரைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர் பெயரும் வேண்டும். வரும் கடிதங்களுக்கு அடுத்த இதழில் தனிப் பக்கங்கள் ஒதுக்குகிறோம்.

அந்த டீக்கடைப் பெரியவருக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: ஐயா, அந்தப் பாட்டுக்கு இசை, விஸ்வநாதன்–ராமமூர்த்தி.

அன்புடன்,
ஆசிரியர்