ஒளிரும் புள்ளியும் நம் நுரையீரலும்

சென்னை ஆதம்பாக்கத்தை ஒட்டிய பரங்கிமலை நிலையத்தில் தெற்கே போகும் ரயிலேறினால், சற்று நேரத்தில் தாம்பரம் சானடோரியம் வந்துவிடும். 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம். எதிர்த்திசையில் சில கிலோமீட்டர் போனால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1954-இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் எழுந்தது. இந்த இரண்டு நோய்களும் பெட்-சிடி ஸ்கேன் படத்தில் ஒரே மாதிரி ஒளிரக்கூடியவை. ஆரம்பநிலை நுரையீரல் புற்றுநோயில் அந்த ஒளியின் அளவை வைத்து நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்கலாம் என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. கணிக்கலாம்தான். ஆனால், காசநோயும் சர்க்கரை நோயும் மலிந்த நம் ஊரில் அந்தக் கணிப்பை இரவல் அளவுகோலால் செய்யக் கூடாது. நம் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, நமக்கான அளவுகோலை நாமே உருவாக்க வேண்டும்.

புற்றணுக்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி விழுங்குகின்றன என்பதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கவனித்தார். கதிரியக்க ஃபுளூரின் சேர்த்த குளுக்கோஸ் (எஃப்.டி.ஜி.) 1976-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. அந்தக் குளுக்கோஸ் சேரும் இடங்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேன் இந்தியாவில் 2002-இல் மும்பைக்கு வந்தது. கட்டி எவ்வளவு குளுக்கோஸை இழுக்கிறது என்பதை 'எஸ்.யூ.வி.' என்ற எண்ணாக ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள். ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று 2008-இல் 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. 2010-இல் 21 ஆய்வுகளாக விரித்தது. எண் அதிகமாக இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ இரு மடங்கு என்பதே இரண்டு முறையும் கிடைத்த விடை. இது அலட்சியப்படுத்தக்கூடிய செய்தி அல்ல. முதல் நிலை என்று நாம் ஒரே பெயரில் அழைக்கும் நோயிலேயே, மிகச் சிறிய கட்டி உள்ளவர்களில் 92 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடக்கிறார்கள். அதே நிலையின் மேல்விளிம்பில் உள்ளவர்களில் 68 சதவீதம் பேரே கடக்கிறார்கள். ஒரே அளவுள்ள இரண்டு கட்டிகளில் எது மூர்க்கமானது என்று ஆபரேஷனுக்கு முன்பே ஒரு குறிப்பு கிடைக்குமானால், அதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஆனால் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். வெறும் வயிற்றோடு வரும் நோயாளியின் விரலைக் குத்தி சுகர் பார்க்கிறார்கள். ஊசி போட்டபின் வெளிச்சம் குறைந்த அறையில், பேசாமல், அசையாமல், சுமார் ஒரு மணி நேரம் இருக்கச் சொல்கிறார்கள். அசைந்தால் தசைகளும் அந்தக் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். பிறகுதான் ஸ்கேன். 60 நிமிடத்தில் எடுத்தால் ஓர் எண், கூட்டம் காரணமாக 90 நிமிடமானால் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலான எண். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் எண் இறங்கும். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த, 2023-இல் வெளியான ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அப்படியானால் 'எண் குறைவு, பயமில்லை' என்று ஒரு சர்க்கரை நோயாளியிடம் சொல்வதற்கு முன் எவ்வளவு யோசிக்க வேண்டும்! கட்டி 2 செ.மீ.க்குள் இருந்தாலும், மூச்சில் அது மேலும் கீழும் அசைந்தாலும் ஒளி மங்கித் தெரியும். எந்திரத்துக்கு எந்திரமும் மாறும். அந்த ஐரோப்பியத் தொகுப்பில் இடம்பெற்ற ஆய்வுகளே 'அதிகம்' என்பதற்கு ஒரே எல்லையை வைத்துக்கொள்ளவில்லை.

காசநோய் இதைவிடப் பெரிய சிக்கல். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். காசநோய்க் கட்டியைச் சூழும் நோய் எதிர்ப்பு உயிரணுக்களும் குளுக்கோஸை ஆவலோடு இழுக்கின்றன. நுரையீரல் கட்டிகளை பெட் எவ்வளவு சரியாக இனங்காண்கிறது என்று 70 ஆய்வுகளைத் தொகுத்த 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, நுரையீரல் தொற்று பரவலான பகுதிகளில் புற்று அல்லாததை 'அல்ல' என்று சரியாகச் சொல்லும் திறன் 61 சதவீதம்தான் என்றது; மற்ற பகுதிகளில் 77. எனக்கு அதிகம் கவலை தருவது நெஞ்சின் நடுவே உள்ள நெறிகள் (நிணநீர்க் கணுக்கள்). பழைய காசநோயால் அவை ஒளிர்ந்து, புற்று பரவிவிட்டது என்று படிக்கப்பட்டால், முதல் நிலையில் இருப்பவர் காகிதத்தில் மூன்றாம் நிலைக்குப் போய்விடுவார். குணப்படுத்தக்கூடிய ஆபரேஷன் கைநழுவும். மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்ட் கருவியை விட்டு நெறியில் ஊசிவழி மாதிரி எடுக்காமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது.

நம் நோயாளிகளில் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் நிலையில்தானே வருகிறார்கள், ஆரம்பநிலைக் கணிப்புக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நான் புதிய ஸ்கேன் எதையும் கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு முன் நோயின் பரவலை அறிய எப்படியும் எடுக்கப்படும் ஸ்கேனில் அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது. இன்று அது ஃபைலுக்குள் கிடக்கிறது. ஆபரேஷனில் எடுத்த கட்டியை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதும் மரபணுச் சோதனையும் இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் என்பது இன்னொரு வாதம். உண்மை, அவை கிடைக்கும் இடத்தில் அவற்றுக்கே முதலிடம். ஆனால் இதயம் பலவீனமாகி, ஆபரேஷன் தாங்காமல், குறிவைத்த கதிர்வீச்சு மட்டும் பெறும் முதியவருக்கு வெட்டியெடுத்த கட்டி என்று ஒன்று கிடையாது. அவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதா, ஆறு மாதத்துக்கு ஒருமுறையா என்று முடிவெடுக்க இந்த எண்ணும் ஒரு துணை. அந்த அளவுக்குத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். 'எஸ்.யூ.வி. 12' என்று படித்துவிட்டு ஒரு குடும்பம் இடிந்துபோகத் தேவையில்லை. இரு மடங்கு அபாயம் என்பது கூட்டத்தின் கணக்கு. தனி ஒருவரின் ஆயுள் அதில் எழுதப்பட்டிருக்கவில்லை. எண் அதிகம் என்பதற்காக மட்டும் கீமோ கொடுப்பதற்கும் போதிய ஆதாரம் இல்லை.

நமக்கான ஆதாரத்தை நாமே திரட்ட முடியும் என்பதற்கு இந்த நகரமே சாட்சி. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிடுவது சானடோரியத்தில் தங்குவதற்கு நிகரான பலன் தரும் என்று 1959-இல் காட்டியது. உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடும் 1980-களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. ஊசிக்கும் ஸ்கேனுக்கும் இடைப்பட்ட நிமிடங்கள், அன்றைய சுகர் அளவு, உடல் எடை, எந்திரத்தின் விவரம், முன்பு காசநோய் வந்ததா என்ற குறிப்பு: ஒவ்வொரு பெட் ரிப்போர்ட்டிலும் இவை கட்டாயம் இருக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டைப் பதிவேட்டுடன் இணைத்து, நோயாளி ஐந்தாண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்கேனுக்குப் பணம் கொடுக்கும்போதே மாநில அரசு இதை நிபந்தனையாக வைக்கலாம்.