மறைத்தல் வேறு, காத்தல் வேறு

சிங்கப்பெருமாள் கோவில் கடைத்தெருவில் பொதுக் கணினியின் முன் அமரும் மாணவர், உதவித்தொகை விண்ணப்பத்தை அனுப்பியதும் எழுந்து சென்றுவிடுகிறார். அவருடைய மதிப்பெண் சான்றிதழும் ஆதார் அட்டையும் வன்தட்டிலேயே தங்கிவிடுகின்றன. அடுத்து அமர்பவர் கோப்பு மேலாளரைத் திறந்தால் அனைத்தும் கண்ணில் படும். கல்லூரிக் கணினிக் கூடங்களின் நிலையும் இதுவே.

இதற்குத் தீர்வாக, விண்டோஸின் கொள்கை அமைப்பால் வட்டுகளை மறைத்து மனநிறைவு அடைவோர் பலர். மறைத்தல் சின்னத்தை மட்டுமே அகற்றும். முகவரிப் பட்டையில் பாதையைத் தட்டச்சு செய்வோர்க்கு உள்ளடக்கம் கிட்டிவிடும். அணுகலைத் தடுக்கும் தனிக் கட்டளை உண்டு; எனினும் பிற மென்பொருள் வழியே கோப்பை எட்டலாம். ஆகவே, ஒவ்வொருவர்க்கும் தனிப் பயனர் கணக்கும், கோப்புறைதோறும் வரையறுத்த அனுமதியுமே உண்மையான பூட்டு.

அதற்காக அனைத்தையும் பறித்தலும் தகாது. கோப்பை உருவாக்கவும் படியெடுக்கவும் இயலாத கூடத்தில் மாணவர் எதைக் கற்பார்? பிறர் கோப்பைத் தடுப்போம். தம் கோப்பை ஆளவும் அழிக்கவும் உரிமை தருவோம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையைக் கணினிக் கூடத்தில் காக்க வேண்டியோர் நாமே. நம்மை நம்பி விட்டுச்சென்ற கோப்பும் அமானிதமன்றோ! மாணவச் செல்வங்களும், எழுமுன் தம் கோப்பை அழித்து, மறுசுழற்சித் தொட்டியையும் வெறுமையாக்கிச் செல்லும் பழக்கத்தைக் கைக்கொள்வார்களாக.