சலவைக்குப் போன பெயர்

மட்டாஞ்சேரிக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் நடுவே, வெளி என்ற இடத்தில் இருக்கிறது தோபிகானா. காலையிலேயே கல்லில் துணி அடிக்கும் சத்தம் கேட்கும். கூடவே கேட்பது தமிழ். டச்சு ராணுவத்தின் சீருடைகளைத் துவைக்கக் கொண்டுவரப்பட்ட வண்ணார்களின் வழிவந்தவர்கள் இவர்கள் என்று அந்தச் சமூகத்தில் தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். சுற்றுவட்டாரக் குளங்களில் துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 1970-களில் கொச்சியின் நகர வளர்ச்சி ஆணையம் இந்த இடத்தைக் கட்டிக் கொடுத்தது. பார்த்துக்கொள்வது வண்ணார் சங்கம்.

வீட்டு வாசலுக்கே வந்து சேவை செய்வது என்பதை யாரோ நேற்று கண்டுபிடித்ததுபோலப் பேசுகிறார்கள் ஸ்டார்ட்-அப் நிறுவனர்கள். துணி மூட்டையோடு வாசலில் நிற்பவருக்கு இது பழைய விஷயம். அவருக்கு விளம்பரம் கிடையாது. ஒரு வீட்டுக்காரர் அடுத்த வீட்டில் சொல்வார், அவ்வளவுதான். ஒரு பட்டுப்புடவையைச் சுருக்கிக் கொண்டுவந்தால் அந்தச் செய்தியும் தெரு முழுக்கப் போய்விடும்.

செயலிகளும் அந்தத் தெருப் பேச்சைத்தான் நம்பியிருக்கின்றன. தெரு மட்டும் இணையத்துக்கு மாறிவிட்டது. 2015-லேயே சலவைக்கென்று செயலிகள் முளைத்தன. பெங்களூருவின் ஹவுஸ்ஜாய், மைவாஷ் என்ற சலவை நிறுவனத்தை அந்த ஆண்டு வாங்கியது. மூலதனம் கொட்டிய காலம் அது. ஆனால் அந்நியர் ஒருவரை வீட்டுக்குள் விட வேண்டும் என்றால் தள்ளுபடிக் கூப்பன் போதாது. வாடிக்கையாளர்கள் கூடிப் பேசும் இடத்தில் நிறுவனர் நல்ல பெயர் எடுத்தாக வேண்டும்.

அந்தக் கூட்டத்தின் பலம் 2025 மார்ச்சில் தெரிந்தது. 2014-ல் அர்பன்கிளாப் என்று தொடங்கிய அர்பன் கம்பெனி, மும்பையில் 15 நிமிடத்தில் வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் சேவையை அறிவித்தது. சூட்டிய பெயர் 'இன்ஸ்டா மெய்ட்ஸ்'. அறிமுகக் கட்டணம் மணிக்கு 49 ரூபாய். சமூக ஊடகங்கள் கொதித்தன. வேலைக்காரி என்று பெயர் வைத்து நூடுல்ஸ் போல உடனடியாகப் பரிமாறுவதா? 49 ரூபாயில் அந்தப் பெண்ணுக்கு என்ன மிஞ்சும்? சலுகை வாடிக்கையாளருக்குத்தான், வேலை செய்பவருக்கு மணிக்கு 150 முதல் 180 ரூபாய் வரை கிடைக்கும் என்று நிறுவனம் விளக்கியது. சில நாட்களில் பெயர் 'இன்ஸ்டா ஹெல்ப்' ஆனது.

வெற்றிதான். ஆனால் சலவையானது பெயர் மட்டுமே. உரக்கப் பேசியவர்களில் பெரும்பாலோர் வேலை வாங்கும் பக்கத்தில் இருப்பவர்கள். வேலை செய்யும் பக்கமும் ஒரு கூட்டம்தான். அவர்களுக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் உண்டு. 2021 அக்டோபரில் இதே நிறுவனத்தின் அழகுக்கலைப் பெண்கள் குருகிராமில் அலுவலக வாசலில் திரண்டார்கள். அதிகக் கமிஷன், அபராதம், நட்சத்திரம் குறைந்தால் வேலை போகும் பயம் என்று புகார்கள் நீண்டன. நிறுவனம் இறங்கிவந்து கமிஷனைக் குறைத்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் டிசம்பரில் அவர்கள் மீண்டும் வாசலுக்கு வந்தபோது நிறுவனம் போனது நீதிமன்றத்துக்கு. போராடிய பெண்கள் மீதே தடை கோரி வழக்கு. வாடிக்கையாளர் திட்டினால் மன்னிப்புத் தொனி, தொழிலாளர் திட்டினால் வக்கீல் என்பது எந்த வகை உரையாடல்?

நிறுவனர்கள் சமூகம் என்று சொல்லும்போது பணம் கொடுக்கும் பாதியைத்தான் நினைக்கிறார்கள். கிட்டப்பார்வை இது. மதிப்பெண் போடுபவர் வாடிக்கையாளர். அந்த மதிப்பெண்ணைச் சம்பாதித்துத் தருபவர் மூட்டை சுமக்கிறவர்.

கொச்சியில் தொழில்முனைவோருக்குப் பஞ்சமில்லை. களமசேரியில் 2012-ல் ஸ்டார்ட்-அப் வில்லேஜ் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே, ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் உலகத்தைக் கூட்டிவந்தது. விருந்தினர் தங்கும் வீடுகள் பெருகின. படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாகச் சலவைக்கு வருகின்றன. தோபிகானாவிலோ கல்லடியில் நிற்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். தொழில் இங்கே இருக்கிறது, ஆட்கள் குறைகிறார்கள்.

இங்கே சலவைக்குச் செயலி தொடங்க நினைக்கும் இளைஞர், வாடிக்கையாளர் குழுவில் முதல் செய்தியைப் போடுவதற்கு முன்பு வண்ணார் சங்கத்தில் ஒரு காலைப்பொழுது உட்காரலாம். '24 மணி நேரத்தில் டெலிவரி' என்று அச்சடித்த நோட்டீஸை உடன் எடுத்துப்போவது நல்லது. வெயிலை நம்பிக் கொடியில் துணி காயப்போடுகிறவர்கள், ஜூன் மாதத்து மழையில் அது எப்படிக் காயும் என்று கேட்பார்கள்.