சுமை குறைத்தல்

ஊர்விட்டு ஊர் மாறிப் பழகிய நமக்கு மூட்டை கட்டும் கலையைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. எனினும், நமது வாசகசாலையில் முடங்கிக் கிடந்த பழைய கணினி ஒன்று அக்கலையில் நமக்குப் புதுப் பாடம் புகட்டிற்று.

அதன் நினைவகம் 512 மெகாபைட்டே. இன்றைய பெரிய இயங்குதளங்களை அது தாங்காது. ஆகவே, 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸைக் கொண்டு எளியதொரு தளத்தை அடியிலிருந்தே கட்டத் துணிந்தோம். கெர்னலை மூலநிரலிலிருந்து தொகுத்தோம். பல கட்டளைகளை ஒரே கோப்பில் அடக்கும் பிஸிபாக்ஸைச் சேர்த்தோம். டெபியன் லினக்ஸை நிறுவும் கருவிகளை ஒரே பிளாப்பி வட்டில் அடக்கும்பொருட்டு, 1995-ல் புரூஸ் பெரன்ஸ் எழுதத் தொடங்கியது அது.

முதலில் கியூஎம்யூ என்னும் போலிக் கணினியில் சோதித்தோம். கெர்னல் எழுந்தது, உடனே நின்றுவிட்டது. பிஸிபாக்ஸ் நாடும் நூலகக் கோப்பை நாம் வைக்கவில்லை! துணைக்கோப்பு வேண்டாதவாறு அதனை மீண்டும் தொகுத்ததும் கட்டளைவரி தோன்றியது. பிறகு வரைகலைத் திரையும் அமைத்துப் பழைய கணினியில் இட்டோம், இயங்கியது.

நம் களிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. சிறுமி ஒருத்தி தமிழ்ப் பாடத்தைத் திறந்தாள். எழுத்துகளுக்குப் பதில் வெறுங் கட்டங்களே வரிசையாய் நின்றன. இடத்தை மிச்சப்படுத்தும் ஆர்வத்தில் தமிழ் எழுத்துருவையே விட்டுவிட்டோம்! அதன் அளவோ ஒரு மெகாபைட்டும் இல்லை. சேர்த்தோம்; அவள் உரக்க வாசித்தாள்.

சுமையைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அயலூரில் வாழும் நாம் எதனை இறக்கிவைக்கலாகாது என்பதை அன்பர்களும் எண்ணிப் பார்ப்பார்களாக.