குளவிப் பொந்தும் மண்ணெண்ணெயும்

அத்திப்பட்டிலும் அதனை அடுத்த எண்ணூர், மீஞ்சூர்ப் பகுதிகளிலும் வீட்டைச் சுற்றிச் சிறிது மண் வாய்க்கப்பெற்றவர்கள், அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் உப்புக்காற்றையும் சகித்துக்கொண்டே முருங்கையும் கத்தரியும் கனகாம்பரமும் வளர்த்துவருகிறார்கள். அத்தகைய பொறுமைசாலிகளும், தரையில் ஒரு சிறு துவாரத்தையும் அதனருகே ஒரு குளவியையும் கண்டமாத்திரத்தில் மண்ணெண்ணெய்ப் புட்டியைத் தேடி ஓடுவது எனக்கு விநோதமாகவே படுகிறது.

சற்று விலகி நின்று கால்மணி நேரம் கவனித்தால், வந்திருப்பது யாரென்று தெரிந்துவிடும். ஒரே ஒரு குளவி மட்டும் போவதும் வருவதுமாக இருந்தால், அது தனித்து வாழும் ஜாதியைச் சேர்ந்த பெண் குளவி. நாய் மண் பறிப்பதுபோல முன்னங்கால்களால் மணலைப் பின்னுக்கு வாரியெறிந்து சுரங்கம் அகழ்ந்து, இலை தின்னும் புழுவொன்றைக் கொட்டி அசைவற்றுப்போகச் செய்து இழுத்துவந்து உள்ளே கிடத்தி, அதன்மேல் முட்டையிட்டு, வாயிலையும் மண்ணால் அடைத்துவிட்டு அது போய்விடும். அவ்வாறு அடைத்த மண்ணைச் சிறு கல்லொன்றை வாயில் கவ்வி இடித்துக் கெட்டிப்படுத்திய குளவியைத் தாம் கண்ணால் கண்டதாக, அமெரிக்காவின் பெக்கம் தம்பதியர் 1898ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எழுதியுள்ளனர். கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகும் என்னும் பிரமரகீட நியாயத்தை நம் வேதாந்திகள் சொல்லிவந்தார்கள். புழு குளவியாவதில்லை, குளவிக் குஞ்சுக்கு ஆகாரமாகிறது என்பதால் வேதாந்தத்திற்கு நஷ்டம் ஒன்றுமில்லை, தோட்டத்திற்கோ லாபமே. கூட்டைக் காக்கும்பொருட்டு மனிதர்மேல் பாயும் சுபாவமும் இதற்குக் கிடையாது. குழந்தைகள் விளையாடும் இடத்தில் வேண்டாமென்று தோன்றினால், அது நாடுவது காய்ந்த வெறும் மணலையே ஆதலால், அவ்விடத்தைத் தினம் நனைத்துச் சருகு பரப்பிவைத்தால் பெரும்பாலும் வேறிடம் பார்த்துக்கொள்ளும்.

துவாரத்தில் ஓயாத போக்குவரத்து இருந்து, வருபவை கருத்த உடலில் மஞ்சள் பட்டையுடன் பருத்தவையாகவும் இருந்தால் விஷயமே வேறு, அது கதண்டு. பனைமரத்தில்தான் கதண்டு கூடு கட்டும் என்று எண்ணியிருப்போர் பலர்; நிலத்தடிப் பொந்தில் குடியேறும் இனமும் உண்டு. தேனீயைப்போல் கொடுக்கை விட்டுச் செல்லாமல் ஒன்றே பலமுறை கொட்டும். பல கதண்டுகள் ஒருங்கே கொட்டினால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்து உயிர்போதலும் உண்டு. ஒவ்வாமை உள்ளவருக்கோ ஒரு கொட்டே ஆபத்தாகலாம். மூச்சுத் திணறலோ மயக்கமோ முகவீக்கமோ கண்டால், சுண்ணாம்பு தடவிக்கொண்டு காலம் போக்காமல் 108ஐ அழைத்து, அட்ரினலின் ஊசி போடக்கூடிய ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

இவ்விரண்டில் எதற்கும் மண்ணெண்ணெய் பரிகாரமன்று. முன்னதற்கு அது அவசியமில்லை; பின்னதற்கு, ஊற்றுகிறவர் திரும்பி வீட்டு வாசலை எட்டுவதற்குள் கூட்டமே பின்தொடரும். பொந்தில் பெட்ரோல் ஊற்றி நெருப்பு வைக்கும் தீரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அன்றியும் மணற்பாங்கான நிலத்தில் ஊற்றிய எண்ணெய் மேலேயே நின்றுவிடுவதில்லை. கீழிறங்கி, ஆழமில்லாத கிணற்று நீரையும் கெடுக்கக்கூடும். ஏற்கெனவே தொழிற்சாலைகளால் மண்ணும் நீரும் போதுமான அளவு துன்புற்ற ஊரில், வீட்டுக்காரரும் தம் பங்கைச் சேர்க்கவேண்டுமா?

கதண்டு அழிப்பது தனி மனிதர் காரியமன்று. 101ஐ அழைத்துத் தீயணைப்பு நிலையத்தாரிடம் ஒப்படைக்கவேண்டிய காரியம். இது பலருக்குத் தெரியாததில் வியப்பில்லை, யாரும் வந்து சொன்னதில்லை. கொசுப்புழு பார்க்க வீடுவீடாக வரும் ஊராட்சிப் பணியாளர்களிடமே இதையும் சொல்லிச் செல்லும் பொறுப்பை மீஞ்சூர் ஒன்றிய நிர்வாகம் ஒப்படைக்கலாம். அதற்கென்று தனியாக ஒரு செலவும் இல்லை.